குறுக்கே விழுந்த தழும்பு

அந்தப் பயிற்சிப் பள்ளியின் காரில் பிரேக் இரண்டு. ஒன்று, ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவரின் காலடியில். இன்னொன்று, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவளின் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் வலது காலை வைத்தபடியே ஒரு ஆயுளைக் கழித்தவள் அவள். நேரில் எல்லோரும் டீச்சர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் பிரேக்கம்மா. முதுகுக்குப் பின்னால் என்ன பேசுகிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். கண்ணாடி பார்க்கிற தொழில்.

வாய் சும்மா இருக்காது.

"தம்பி, ஸ்டியரிங்கை எதுக்கு கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிச்சிருக்கீங்க? அது என்ன உங்க பங்காளியா?"

"ஏம்மா, திரும்பப் போறேன்னு ஊருக்கெல்லாம் விளக்குப் போட்டுச் சொல்லியாச்சு. உங்க கைக்குச் சொன்னீங்களா?"

வண்டி ஓட்டுவதை யார் வேண்டுமானாலும் கற்றுத்தருவார்கள், நிறுத்தத்தான் தன்னிடம் வருகிறார்கள் என்பது அவளுடைய பெருமை. முதல் நாள் பாடம் ஒரே வாக்கியம். "கண்ணாடி பாக்காம திருப்பாதே." கடைசி நாள் பாடமும் அதுதான்.

வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கால் வேலையை விடாது. பேருந்தில் உட்கார்ந்திருப்பாள், ஓட்டுநர் வேகமெடுத்தால் இவள் கால் தரையை அமுக்கும். டிவியில் கார் துரத்திக்கொண்டு ஓடினால் அப்போதும் அமுக்கும். அவள் நாற்காலிக்கு முன்னால் கிடந்த மிதியடி ஒரே இடத்தில் நைந்து, நூல் பிரிந்து போயிருந்தது. கணவரைப் பற்றி யாராவது கேட்டால், "அவரு இண்டிகேட்டர் போடாம வேற வீட்டுக்குத் திரும்பிட்டாரு" என்பாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு இல்லை.

ஒரே மகள். அந்த வலது காலின் சம்பாத்தியத்தில் கருவிப் பொறியியல் படித்தாள். மருத்துவமனைகளிலும் பரிசோதனைக் கூடங்களிலும் இருக்கிற மைக்ரோஸ்கோப்புகளைப் பழுதுபார்ப்பது வேலை. லென்ஸில் படிந்த எண்ணெயைத் துடைப்பாள். விளக்கின் வெளிச்சத்தை நடுவுக்குக் கொண்டுவருவாள். கறகறக்கும் திருகைக் கழற்றி கிரீஸ் தடவுவாள். கண்ணாடித் தகட்டில் வைத்திருக்கும் சதைத் துணுக்கு என்ன சொல்கிறது என்பது அவள் பாடு இல்லை; அது டாக்டர்கள் பாடு. ஆனால் காரில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் பிரேக்கம்மா, "என் பொண்ணு டாக்டருங்களுக்கே கண்ணு சரிபண்றவ" என்று சொல்லிவைத்திருந்தாள்.

கட்டி வந்தது அந்த வலது தொடையில். உட்பக்கம், ஆழத்தில். எலுமிச்சை அளவு இருக்கும். அமுக்கினால் நகரவில்லை, வலிக்கவும் இல்லை.

"பிரேக் அமுக்கி அமுக்கிச் சதை உருண்டுபோச்சுடீ. ஆம்பளைங்க கையில வளர்த்துக் காட்டுறாங்க. நான் தொடையில வளர்த்துட்டேன். காட்டத்தான் முடியல."

"அம்மா, விளையாடாத. யார்கிட்டயாவது காட்டு."

"வலிச்சா காட்டலாம். வலிக்காததுக்குப் போய் உட்கார்ந்தா, வேலைவெட்டி இல்லாதவன்னு நினைப்பாங்க."

வலிக்காததுதான் வம்பு என்று அந்த வீட்டில் அப்போது யாருக்கும் தெரியாது. பல் வலித்தால் ஓடுவோம், வயிறு வலித்தால் ஓடுவோம். சத்தம் போடாமல் வளர்கிற கட்டியை மட்டும் நல்ல பிள்ளை என்று மடியில் வைத்துக்கொள்வோம். எலுமிச்சை ஆரஞ்சு ஆனது. உட்கார்ந்தால் உடுப்பு இறுக்கிப் பிடித்தது. அதற்கப்புறம்தான் கிளம்பினாள்.

எங்கே போவது என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. பக்கத்துத் தெருவில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருந்த அறுவை மருத்துவர், படிக்கிற காலத்தில் அவளிடம் வண்டி ஓட்டக் கற்றவர். "என் பையன்" என்பாள். "கை சுத்தம். மரியாதை தெரிஞ்சவன். கண்ணாடி மட்டும் பாக்கமாட்டான். எத்தனை தடவை அவனுக்காக நான் பிரேக் அடிச்சிருக்கேன்!"

அவர் எழுந்து நின்று வரவேற்றார். திரைக்குப் பின்னால் படுக்கவைத்து, இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"கொழுப்புக் கட்டி, டீச்சர். எடுத்துட்டா முடிஞ்சுபோச்சு. அரை மணி நேர வேலை."

"ஸ்கேன் ஏதாவது எடுக்கணுமா?" என்று மகள் கேட்டாள்.

"எதுக்கும்மா? கையிலயே தெரியுதே. கொழுப்புக்கெல்லாம் ஸ்கேன் எடுக்கணும்னா ஊர்ல மெஷின் பத்தாது." பிறகு டீச்சரைப் பார்த்துச் சிரித்தார். "தோல் மடிப்போடவே குறுக்க வெட்டுறேன். தழும்பு இருக்கிறதே தெரியாது. ஒரு கோடு, அவ்வளவுதான்."

"ஆமா, தொடையைக் காட்டிக்கிட்டுத்தான் நான் ஊர்வலம் போகப் போறேன்" என்றாள் பிரேக்கம்மா. ஆனால் முகத்தில் சந்தோஷம் இருந்தது. தன் பையன் தனக்காகத் தழும்பைக்கூட யோசிக்கிறான்.

அரை மணி நேர வேலை நீண்டது. வெளியே வந்தவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "கொஞ்சம் ஆழமா இருந்துச்சு. துண்டு துண்டாத்தான் எடுக்க முடிஞ்சது. எல்லாம் வந்துடுச்சு" என்றார். தொடை முழுக்க, இடுப்பு மடிப்பு வரை, ரத்தம் பரவி நீலமாகக் கன்றியிருந்தது. எடுத்ததில் பெரும்பாகம் குப்பைக்குப் போயிற்று. வழக்கத்துக்காக ஒரு துண்டு மட்டும் புட்டியில் இறங்கி, கிளினிக்கின் கீழ்த்தளத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தது. கூட வந்த சீட்டில் 'தொடைக் கட்டி' என்பதற்கு மேல் எதுவும் இல்லை. எவ்வளவு பெரிது, தோலுக்கடியிலா, தசைக்குள்ளா, எவ்வளவு காலமாக வளர்ந்தது, ஒன்றும் இல்லை. நரம்புறையில் வரும் சாதாரணக் கட்டி, புற்று இல்லை என்று பதில் வந்தது. கொழுப்பு என்று சொன்னது நரம்பானதைப் பற்றி அறுவை மருத்துவர் ஒன்றும் கேட்கவில்லை. புற்று இல்லை என்ற சொல் கண்ணில் பட்டதும் தாளை மடித்துவிட்டார்.

காயம் ஆறியது. பிரேக்கம்மா வேலைக்குத் திரும்பினாள். சில மாதங்களில், தழும்புக்குக் கீழே அது மறுபடி தலைதூக்கியது.

"தையல் போட்ட இடம், டீச்சர். உள்ள கெட்டிப்பட்டிருக்கும். எண்ணெய் விட்டு நீவிவிடுங்க, கரைஞ்சிடும்."

நீவினாள். காலையிலும் மாலையிலும் நாற்காலியில் உட்கார்ந்து, டிவி பார்த்துக்கொண்டே, பொறுப்பாக நீவினாள். அந்த உருவம்தான் மகளுக்கு இன்றும் தூக்கத்தில் வருகிறது. அம்மா சாகும் காட்சி வருவதில்லை.

பெரிய மருத்துவமனையின் மேல்மாடியில் ஒரு நோயியல் நிபுணர் இருந்தார். எலும்பிலும் சதையிலும் வருகிற கட்டிகளை மட்டுமே பார்ப்பவர். மற்ற டாக்டர்கள் தலையைச் சொறிந்த தகடுகள் எல்லாம் வெளியூர்களிலிருந்து பெட்டி பெட்டியாக அவர் மேசைக்கு வரும். குளிர்சாதன அறையில் எந்நேரமும் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளுக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'படமெங்கே'. யார் தகட்டை நீட்டினாலும் கை நீட்டி வாங்கமாட்டார். "படம் எங்க?" என்பார். எக்ஸ்ரேயோ ஸ்கேனோ கூட வராத தகடு லென்ஸுக்கு அடியில் போகாது.

அவருடைய மைக்ரோஸ்கோப் இரட்டைத் தலை கொண்டது. எதிரெதிரே இருவர் உட்கார்ந்து ஒரே தகட்டைப் பார்க்கலாம். நகர்த்துகிற திருகு மட்டும் ஒரு பக்கத்தில்தான். அந்த இரண்டாவது தலையை அங்கே பொருத்தியவள் மகள்தான். வருஷாந்திரச் சோதனைக்குப் போன அன்று வேலையை முடித்து, திருகாணிகளைப் பெட்டியில் போட்டுவிட்டு, போகாமல் நின்றாள்.

"என்னம்மா, லைட் மாத்தணுமா?"

"இல்ல டாக்டர். எங்க அம்மாவுக்கு..." என்று ஆரம்பித்துச் சொல்லி முடித்தாள்.

"படம் எங்க?"

"எடுக்கல."

"ஆபரேஷனுக்கு முன்னாடி?"

"முன்னாடியும் எடுக்கல, பின்னாடியும் எடுக்கல."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் இந்தக் கிழவி படம் படம்னு உசிரை எடுக்கிறான்னு எல்லாரும் சிரிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். எலும்பும் சதையும் மத்த உறுப்பு மாதிரி இல்ல. அடிபட்டு ஆறிக்கிட்டிருக்கிற சதை, லென்ஸ்ல பாத்தா கேன்சர் மாதிரி மிரட்டும். நிஜமான கேன்சர் ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி உட்கார்ந்திருக்கும். எங்க இருந்துச்சு, எவ்வளவு ஆழத்துல, எதைத் தொட்டுக்கிட்டு இருந்துச்சு, அதையெல்லாம் படம்தான் சொல்லும். தகட்டை மட்டும் பாக்கிறது, ஆளோட நகத்தைப் பாத்து ஜாதகம் சொல்ற மாதிரி. போய் ஸ்கேன் எடுங்க. அந்த லேப்ல மெழுகுல புதைச்சு வச்ச துண்டு இருக்கும். அதையும் வாங்கிட்டு வாங்க. இருந்தா."

இருந்தது. அது ஒன்றுதான் மிச்சம். கீழ்த்தளத்துக் கூடத்தின் டெக்னீஷியன், மகளைத் தெரிந்தவன், விரல் நுனி அளவு மெழுகுச் சில்லைத் தேடி எடுத்துக் கொடுத்தான்.

ஸ்கேன் படத்தையும் புதிதாகச் சீவிச் சாயமேற்றிய தகட்டையும் வைத்துக்கொண்டு 'படமெங்கே' உட்கார்ந்தபோது, மகளை எதிர்த் தலையில் உட்காரச் சொன்னார். எத்தனையோ ஆயிரம் முறை அந்த மாதிரிக் கண்வில்லைகளில் கண் வைத்தவள். வட்டம் சரியா, வெளிச்சம் சீரா என்று மட்டும் பார்த்தவள். முதல்முறையாக, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாள். நீலமாக, நெருக்கமாக, நீளநீளமான செல்கள். டாக்டர் நகர்த்திய பச்சை அம்புக்குறி ஒன்று அவற்றின் மேல் ஊர்ந்தது.

"அழகா இருக்கில்ல? எல்லாம் ஒரே அளவு, ஒரே வரிசை. யூனிஃபார்ம் போட்டு நிக்கிற ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி. அந்த லேப்காரர் இந்த ஒழுங்கைப் பாத்துதான் நல்ல கட்டின்னு நினைச்சிருப்பார். எனக்கு இந்த ஒழுங்குதான் பிடிக்கல. தொடைக்குள்ள இவ்வளவு ஆழத்துல, இவ்வளவு பெரிசா, இவ்வளவு ஒழுங்கா எதுவும் இருக்கக்கூடாது."

இன்னும் சில சாயங்கள் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் மரபணுச் சோதனை. இரண்டு மரபணுக்கள் இருந்த இடத்திலிருந்து உடைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பார்ப்பது. ஒட்டிக்கொண்டிருந்தன. அதற்குமேல் சந்தேகத்துக்கு இடமில்லை. சினோவியல் சார்கோமா என்கிற சதைப் புற்று.

"மூட்டு உறையில வர்றதுன்னு நினைச்சு அந்தக் காலத்துல பேர் வச்சாங்க. மூட்டு உறைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு அப்புறம் தெரிஞ்சுது. பேரை மட்டும் யாரும் மாத்தல" என்றார் டாக்டர். பிறகு ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, அதையே பார்த்துக்கொண்டு கேட்டார். "தழும்பு நெடுகவா, குறுக்கவா?"

"குறுக்க."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

காலில் ஒரு கட்டி என்றால், தொடும் முதல் கத்தி காலின் நீளவாக்கில்தான் போக வேண்டும். அது புற்றாக இருந்துவிட்டால், அடுத்த அறுவையில் அந்தத் தழும்பையும், கத்தி போன பாதையையும், சுற்றி நல்ல சதையில் ஒரு விளிம்பையும் சேர்த்து ஒரே பொட்டலமாக எடுத்துவிட்டுக் காலைக் காப்பாற்றிவிடலாம். குறுக்கே போனால் பொட்டலம் கட்ட முடியாது. கத்தி தொட்ட இடமெல்லாம், கசிந்த ரத்தம் ஊறிய இடமெல்லாம் புற்றின் இடம். பிரேக்கம்மாவின் தொடையில் ரத்தம் இடுப்பு மடிப்பு வரை ஊறியிருந்தது. புதிதாக வளர்ந்தது பெரிய ரத்தக் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. ஒரு கோடு, அவ்வளவுதான் என்றாரே, அந்தக் கோடு.

மகள் வீட்டுக்கு வந்து சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அந்த வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. பிரேக்கம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"எந்த அளவுக்கு எடுப்பாங்க?"

"முழுசா. இடுப்புக்கிட்ட இருந்து."

"பிரேக் கால்."

"ஆமாம்மா."

"படம் முதல்லயே எடுத்திருந்தா, காலு இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும்."

"உசிரு?"

"அது தெரியல. யாராலயும் சொல்ல முடியாது."

"சரி. காலுக்கு மட்டும் கணக்குக் கேட்டா போதும்" என்று எழுந்தாள். உடை மாற்றினாள். அவளே நடந்து கிளினிக்குக்குப் போனாள். பின்னாலேயே மகளும் போனாள்.

அறுவை மருத்துவர் இந்த முறையும் எழுந்து நின்றார். விஷயம் ஏற்கெனவே அவர் காதுக்கு வந்திருந்தது.

"டீச்சர், உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. இந்த மாதிரிக் கட்டி நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது கொழுப்புதான்."

"ரோட்டுலயும் நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது பேர் குறுக்க வரமாட்டாங்க தம்பி. பிரேக்கை எதுக்கு வச்சிருக்காங்க?"

"இல்ல டீச்சர்... யானைக்கும் அடி சறுக்கும்னு..."

"சறுக்கினது யானைக்கு. நசுங்கினது நான்."

அவர் குனிந்து மேசையைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது என்று மகளுக்குத் தோன்றியது. அதற்காக அவள் இன்றுவரை அவரை மன்னிக்கவில்லை. பிரேக்கம்மா கதவருகே திரும்பினாள்.

"அன்னிக்கே உன்னை டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கக்கூடாது. கண்ணாடி பாக்காம திருப்பினே. பையன் நல்ல பையன்னு நானும் விட்டுட்டேன்."

அதுதான் அவள் கேட்ட கணக்கு. புகார் கொடுக்கச் சொன்னவர்கள் இருந்தார்கள். மகள் கொடுத்தாள். சிறு கட்டிகளைப் படமெடுக்காமல் அகற்றுவது பரவலாக உள்ள நடைமுறைதான் என்று பதில் வந்தது. ஆரஞ்சு சிறியது என்று யார் அளந்தார்கள் என்று பதிலில் இல்லை.

கால் போயிற்று. எடுத்த காலை 'படமெங்கே' தானே அறுத்துப் பார்த்தார். வெட்டிய ஓரமெல்லாம் சுத்தம், புற்றுச் செல் ஒன்றுகூட விளிம்பில் இல்லை என்றார். குறை சொல்ல முடியாத அறிக்கை. வீட்டுக்குக் கூட்டிவந்த வாடகைக் காரில் ஓட்டுநர் ஒரு திருப்பத்தில் வேகத்தைக் குறைக்கவில்லை. பின்னிருக்கையில் பிரேக்கம்மா மகளின் கையை இறுகப் பிடித்தாள்.

"அமுக்குதுடீ. இல்லாத காலு அமுக்குது. வண்டிதான் நிக்கமாட்டேங்குது."

சிரித்தாள். மகளும் சிரித்தாள். முன்னால் இருந்த ஓட்டுநர் இதுகளுக்கு என்ன வந்தது என்று கண்ணாடியில் பார்த்தார்.

"பரவாயில்ல, கண்ணாடி பாக்கிறான்" என்றாள்.

இடது காலால் பிரேக் பிடிக்கப் பழகிக்கொண்டு வேலைக்குத் திரும்புவதாகத்தான் திட்டம். பயிற்சிப் பள்ளிக்காரரும் பெடலை மாற்றிப் பொருத்தித் தருகிறேன் என்றார். அதற்குள் நுரையீரலில் புள்ளிகள் தெரிந்தன. முதல் அறுவையில் சிதறிக் கிளம்பியவையா, அதற்கும் முன்பே கிளம்பியவையா என்று சொல்ல எந்தச் சாயமும் இல்லை, எந்தச் சோதனையும் இல்லை. மருந்து கொஞ்ச காலம் பிடித்து நிறுத்தியது. பிறகு மருந்தாலும் முடியவில்லை. கடைசி வாரங்களில் மூச்சு வாங்குவதற்கே நேரம் சரியாக இருந்தது. பிரேக்கம்மாவின் வாய் முதல்முறையாகச் சும்மா இருந்தது.

ஈமக் காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பிய மகளுக்கு வந்த அழைப்புகளில் ஒன்று, அந்தக் கிளினிக்கின் கீழ்த்தளத்திலிருந்து. மைக்ரோஸ்கோப்பில் காட்சி மங்கலாக இருக்கிறதாம். வேறு யாரையாவது அனுப்பச் சொல்லியிருக்கலாம். அவளே போனாள்.

லென்ஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு கீறல் இருக்க வேண்டும் என்று தேடினாள். பூஞ்சை, விரிசல், ஒரு கோணல், ஏதாவது ஒன்று. அன்றைக்கும் அது இருந்திருக்க வேண்டும், அதனால்தான் தெரியாமல் போனது என்று சொல்லிக்கொள்ள ஒன்று. விளக்கு மட்டும் வயதாகி மங்கியிருந்தது. மாற்றினாள். வட்டம் பளிச்சென்று வந்தது.

"லென்ஸ்ல எதாவது பிரச்சினையா மேடம்?" என்றான் டெக்னீஷியன்.

"லென்ஸ்ல ஒண்ணுமில்ல."

மேலே ஏறி வந்தாள். காத்திருக்கும் இடத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும், லாரி ஓட்டுகிறவர் போலிருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடது தொடையைத் தாங்கலாக வைத்திருந்தார். மகள் பெட்டியை இறக்கி வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னங்க தொடையில?"

"கட்டிங்க. கொழுப்பாம். இன்னிக்கு எடுத்துடலாம்னாரு டாக்டர். அரை மணி நேர வேலையாம்."

"வலிக்குதா?"

"அதெல்லாம் இல்ல."

"ஸ்கேன் எடுத்தாங்களா?"

"கொழுப்புக்கு எதுக்குங்க ஸ்கேன்?"

"எடுங்க. எடுக்காம கத்தி வைக்க விடாதீங்க. வெளிய தெரியறதைவிட உள்ள ஆழமா இருக்கலாம். வெட்டுறதுன்னா நெடுக வெட்டச் சொல்லுங்க, குறுக்க வேணாம். எடுத்ததை முழுசா..."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். கையில் கிரீஸ். காலடியில் ஸ்குரூ டிரைவர் பெட்டி.

"நீங்க டாக்டரா?"

"இல்ல. மைக்ரோஸ்கோப் ரிப்பேர் பண்றேன்."

"ஓ" என்றார். சிரிப்பை மரியாதைக்காக அடக்கிக்கொண்டார். "பயப்படாதீங்கம்மா. நல்ல டாக்டருங்க. தழும்புகூடத் தெரியாம பண்ணிடுவேன்னாரு."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். எழுந்து, உடுப்பைச் சரிசெய்துகொண்டு போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மகள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். அவளுடைய வலது கால் தரையை அமுக்கிக்கொண்டிருந்தது.